உரியவர் வீட்டில் இல்லை

பார்சல் கம்பெனியில் வேன் ஓட்டுகிற பன்னிரண்டு பேரும் அந்த மென்பொருளுக்கு வைத்திருந்த பெயர் மாமியார். கம்பெனி வைத்த பெயர் வேறு. அது யார் வாயிலும் நுழையாது. எந்தத் தெருவில் திரும்ப வேண்டும், எந்த வீட்டுக்கு முதலில் போக வேண்டும், ஒரு பார்சலைக் கொடுக்க எத்தனை நொடி, ஒன்றுக்கு ஒதுங்க எத்தனை நிமிடம் என்று எல்லாவற்றையும் அதுதான் சொல்லும். சொன்னபடி செய்தால் ஒரு நல்ல வார்த்தை கிடையாது. செய்யாவிட்டால் மார்க்கில் கை வைக்கும். பிறகு மாமியார் என்று கூப்பிடாமல் வேறு எப்படிக் கூப்பிடுவார்களாம்?

நெட்டை அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவன். வேனுக்குள் நிமிர்ந்து நிற்க முடியாத உயரம். மூன்று வருடமாகத் தலையைச் சாய்த்தே பார்சல் எடுத்துப் பழகியதில், வெட்டவெளியில் நிற்கும்போதும் எதையோ ஒட்டுக் கேட்கிறவன் மாதிரிதான் நிற்பான்.

தினமும் மாலை ஆறு மணிக்கு மாமியாரிடமிருந்து போனுக்குச் செய்தி வரும். 'நாளை 6 முதல் 2.' 'நாளை 11 முதல் 9.' சில நாள் 'நாளை நீங்கள் தேவையில்லை.' கட்டின பெண்டாட்டிகூட அவனிடம் இதை இவ்வளவு பட்டவர்த்தனமாகச் சொன்னதில்லை. அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை, பகல் பன்னிரண்டு முதல் இரவு ஒன்பது வரை. அதில் ஒரு நிமிடம் முன்னே பின்னே ஆகாது. மகள் ஒன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் மூன்றரைக்கு விடும். நெட்டைக்கு ஆறு முதல் இரண்டு வந்தால் வாசலில் அப்பா நிற்பான். மற்ற நாளெல்லாம், யாராவது வந்து கூட்டிப் போகும்வரை, குழந்தை பள்ளிக் காவல்காரரின் அறையில் உட்கார்ந்திருக்கும். தங்கமான மனுஷன்தான், ஆனால் இருமல்காரர். மூன்றே மாதத்தில் பிள்ளை அந்த இருமலை ஏற்ற இறக்கத்தோடு அப்படியே இருமிக் காட்டக் கற்றுக்கொண்டுவிட்டாள். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நெட்டை மட்டும் சிரிக்கவில்லை.

இதற்கெல்லாம் ஒரே மருந்து நிரந்தரம். தொண்ணூறு நாள் தொடர்ச்சியாக மார்க் தொண்ணூற்றைந்துக்குக் கீழே இறங்காமல் வைத்திருந்தால் நிரந்தரம் ஆக்குவார்கள். நிரந்தரக்காரனுக்கு நேரம் மாறாது, காலை ஏழு முதல் மூன்று. கிடங்கிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நடந்தால்கூட இருபது நிமிடம். நெட்டை இதற்காக இரண்டு முறை எண்ணத் தொடங்கி இரண்டு முறையும் விழுந்திருக்கிறான். ஒரு தடவை நாற்பதாம் நாள் ஒரு நாய். இன்னொரு தடவை அறுபத்திரண்டாம் நாள், பாதி கட்டின பாலத்தின் மேல் ஏறச் சொன்னது மாமியார். மீதிப் பாலம் அடுத்த வருடம்தான் வரும் என்பது அதற்குத் தெரியாது. இவன் ஓரத்தில் வண்டியை நிறுத்தி யோசித்தது மட்டும் தெரிந்தது. 'காரணமில்லாத் தயக்கம்' என்று போட்டு மூன்று மார்க்கை உருவிவிட்டது.

மூன்றாவது எண்ணிக்கையில் எழுபத்தோராம் நாள். மார்க் சரியாகத் தொண்ணூற்றைந்து. கையில் ஒரு மிக்ஸி. ஐந்தாவது மாடி, லிஃப்ட் பழுது. ஏறிப் போனால் கதவு பூட்டியிருக்கிறது. பூட்டிய கதவைப் படம் எடுத்து 'உரியவர் வீட்டில் இல்லை' என்று அழுத்தலாம். அழுத்தினால் ஒரு மார்க் போகும். மிக்ஸிக்காரி கடைக்குப் போனதற்கு நெட்டைக்கு ஏன் மார்க் குறைய வேண்டும் என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. மாமியாரிடம் போய்க் கேளுங்கள்.

இன்னொரு பொத்தானும் உண்டு. 'அண்டை வீட்டில் ஒப்படைப்பு.' அதற்கு மார்க் போகாது, அண்டை வீடு எவ்வளவு தள்ளி என்றும் மாமியார் கேட்காது. அண்டை வீட்டார் போனில் விரலால் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். அன்றைக்கு அந்த மாடியில் ஒருத்தர் வீட்டிலும் ஆள் இல்லை. நெட்டை படியில் உட்கார்ந்து மிக்ஸியை மடியில் வைத்துக்கொண்டு மூன்று நிமிடம் யோசித்தான். அதற்குமேல் யோசித்தால் அதற்கும் மார்க் போகும். நேரே வண்டியை எடுத்துக்கொண்டு எட்டுத் தெரு தள்ளியிருந்த தன் வீட்டுக்கே போய்விட்டான்.

வீட்டில் மைத்துனன் இருந்தான். அவனும் இதே கம்பெனியில் ஓட்டிக்கொண்டிருந்தவன்தான். மாமியார் காட்டிய குறுக்கு வழியில் போய்ப் படிக்கட்டில் உருண்டு காலை முறித்துக்கொண்டான். கீழே கிடந்த நாற்பது நிமிடத்தை மாமியார் 'அசையாமல் இருத்தல்' என்று எழுதியது. ஆம்புலன்ஸில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனதைப் 'பாதை விலகல்' என்று எழுதியது. எக்ஸ்ரே அறையில் படுத்திருக்கும்போதே வேலை போன செய்தி வந்துவிட்டது. இப்போது இடுப்புவரை மாவுக்கட்டு, ஜன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலி. அவன் எங்கேயும் போக மாட்டான். போகவும் முடியாது.

நெட்டை போனை நீட்டினான். மைத்துனன் ஒரு கிறுக்குக் கிறுக்கினான். 'சிறப்பு. ஒப்படைப்பு நேரம் 9 நொடி' என்றது மாமியார். மூன்று வருடத்தில் அது நெட்டையிடம் சொன்ன முதல் நல்ல வார்த்தை. சத்தியமாக அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. வேலை முடிந்ததும் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஐந்து மாடி ஏறி உரியவளிடம் கொடுத்துவிட்டு வந்தான்.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே கிடையாது. ஆனால் மறுநாளும் இரண்டு வீடு பூட்டிக் கிடந்தது. அதற்கடுத்த நாள் நான்கு. பூட்டின வீட்டுக்குப் போவதற்கு முன்பே, இது பூட்டித்தான் இருக்கும் என்று நெட்டைக்குத் தோன்ற ஆரம்பித்துவிட்டது. பகல் முழுக்க மைத்துனனிடம் கொண்டுபோய்க் கொட்டுவான், சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கொடுப்பான். ஒரே வேலையை இரண்டு தடவை செய்தான். ஆனால் மார்க் தொண்ணூற்று எட்டு.

எழுபத்தாறாம் நாள் மாமியார் ஒரு கேள்வி கேட்டது. 'இந்த அண்டை வீட்டார் எப்போதும் வீட்டில் இருக்கிறார். நாய் இல்லை. படி இல்லை. மற்ற வாடிக்கையாளர்களுக்கும் இவரைப் பயன்படுத்தலாமா?' கீழே இரண்டு பொத்தான். ஒன்று 'ஆம்'. மற்றது 'பிறகு ஆம்'. நெட்டை வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். பிறகு என்று அழுத்தினான்.

இரண்டு நாள் கழித்து அவன் வீட்டு வாசலில் கண்ணாடியக்காவின் வேன் நின்றது.

கண்ணாடியக்கா அந்தப் பன்னிரண்டு பேரில் மூத்தவள். சோடாபுட்டிக் கண்ணாடி, அதை மூக்கின் நுனியில்தான் வைத்திருப்பாள். நெட்டைக்குப் பதினொன்று முதல் ஒன்பது விழுகிற நாட்களில், கேட்காமலேயே தன் வேனைப் பள்ளிக்கூடம் பக்கம் திருப்பிப் பிள்ளையைக் கூட்டி வந்து வீட்டில் விடுகிறவள் அவள்தான். ஒவ்வொரு தடவையும் பாதை விலகலுக்கு அவளுக்கு இரண்டு மார்க் போகும். அதைப் பற்றி ஒரு நாளும் பேசினதில்லை. அதனாலேயே அவளுடைய தொண்ணூறு நாள் தொடங்கவே இல்லை என்பது நெட்டைக்குத் தெரியும்.

அன்றைக்கு அவள் கையில் ஏழு பார்சல். ஊரின் மறுகோடி விலாசங்கள். எல்லாவற்றுக்கும் அண்டை வீடு என்று மாமியார் இந்த வீட்டைக் காட்டியிருக்கிறது. மூக்கு நுனியிலிருந்து கண்ணாடியை மேலே தள்ளி விலாசத்தைப் பார்த்தாள், வீட்டைப் பார்த்தாள், ஜன்னலில் மைத்துனனைப் பார்த்தாள். அவன் கையை நீட்டினான். ஒன்பது நொடி.

எண்பத்து மூன்றாம் நாள் பன்னிரண்டு வேனும் தெருவில் வரிசை கட்டி நின்றன. ஊரில் ஒருத்தருக்கு ஊசி வந்தாலும் நெட்டை வீட்டுக்குத்தான் வரும், அலமாரி வந்தாலும் அங்கேதான் வரும். கூடத்தில் வாஷிங் மிஷின் இரண்டு, கார் டயர் எட்டு, ஆளுயரக் கண்ணாடி ஒன்று. படுக்கையறையில் மெத்தைகள். அதில் மட்டும் யாருக்கும் வருத்தமில்லை. நெட்டையின் மனைவி அடுப்புக்குப் போக வேண்டுமென்றால் குளிக்கிற தொட்டி ஒன்றுக்குள் இறங்கி ஏறிப் போக வேண்டும். குடம் வைக்க இடமில்லாமல் யாருடையதோ ட்ரெட்மில் மேல் வைத்தாள்.

ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று நெட்டை பயந்தான். அவர்கள் சந்தோஷமாக வந்தார்கள். பார்சலுக்காக லீவு போட்டுக் காத்திருக்க வேண்டாம், வேலை விட்டுப் போகிற வழியில் எடுத்துக்கொள்ளலாம், இதை முன்னாலேயே செய்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். ஒரு பெரிய மனுஷர் மட்டும் கார் நிறுத்த இடமில்லை என்று கோபித்துக்கொண்டார். மைத்துனன் மடியில் ஒரு பலகை போட்டு, மேலே மணி ஒன்று வைத்து, டோக்கன் கொடுக்க ஆரம்பித்துவிட்டான். ஒரு நாள் சலவைக்கூடத்திலிருந்து அலுத்துப்போய் வந்த சொந்த அக்காவையே, "வரிசையில வாங்க" என்றான். அவள் கொடுத்த பதில் தெருக்கோடிவரை கேட்டது. அதை இங்கே எழுத முடியாது.

சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் மாமியார் கணக்குப் பார்த்தது. பன்னிரண்டு வேன், போய்ச் சேர வேண்டியதோ ஒரே வீடு. ஒரு வேன் நாலு நடை போனால் தீர்ந்துவிடும். அந்த ஒரு வேனை யார் ஓட்டுவது? அந்த வீட்டிலிருந்தே கிளம்புகிறவன் ஓட்டினால் பெட்ரோல் மிச்சம். எண்பத்தேழாம் நாள் மாலை ஆறு மணிக்குப் பதினொரு பேருக்கு ஒரே செய்தி வந்தது. 'நாளை நீங்கள் தேவையில்லை.' மறுநாளும் அதுவே வந்தது. நெட்டைக்கு மட்டும் 'நாளை 7 முதல் 3.'

அவன் அந்த ராத்திரி சாப்பிடவில்லை. மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான். இன்னும் இரண்டே நாள், வாயை மூடிக்கொண்டிருந்தால் நிரந்தரம். உண்மையைச் சொன்னால் பொய்க் கணக்குக் கொடுத்ததற்காக வேலையே போய்விடும். அவள் ட்ரெட்மில்லில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடியக்கா வீட்டில் இன்னும் யார் சம்பாதிக்கிறார்கள் என்று மட்டும் கேட்டாள். யாரும் இல்லை என்றான்.

எண்பத்தொன்பதாம் நாள் காலையில் நெட்டை சூப்பர்வைசரின் அறைக்குள் போய் நின்றான். சூப்பர்வைசர் பாவம், நல்லவர். அவருடைய நேரத்தையும் மாலை ஆறு மணிக்கு மாமியார்தான் சொல்கிறது. நெட்டை மிக்ஸியிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் ஒப்பித்தான். அந்த வீடு என் வீடு, அந்த ஆள் என் மைத்துனன், அது யாருக்கும் அண்டை வீடு இல்லை, தப்பு என்னுடையது, பதினொரு பேரைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்றான். சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தார். அவராக யாரையும் கூப்பிட முடியாது, மாமியாரிடம்தான் பதிய வேண்டும். பதிவதற்கு ஒரு படிவம், அதில் ஐந்து காரணங்கள் மட்டும். வண்டிப் பழுது, உடல்நிலை, வானிலை, நாய், ஆலோசனை.

"நான் பொய் சொன்னேன் சார். அதைப் போடுங்க."

"அது லிஸ்ட்ல இல்லையேப்பா," என்றார் சூப்பர்வைசர். "நாய்னு போடவா?"

நாய் வேண்டாம் என்றான் நெட்டை. கடைசியில் ஆலோசனை என்று போட்டார்கள். ஒரு பக்கம் முழுக்க அவன் செய்த குற்றத்தை அவரே உட்கார்ந்து தட்டெழுதினார். அனுப்பின ஆறாவது நொடியில் பதில் வந்தது. 'உங்கள் ஆலோசனை ஏற்கப்பட்டது. எல்லா ஊர்களிலும் கால் முறிந்த ஒருவர் தேடப்படுவார்.' சூப்பர்வைசர் எழுந்து நின்று கை கொடுத்தார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

தொண்ணூறாம் நாள் முடிந்தது. நெட்டை நிரந்தரம். மார்க் தொண்ணூற்றொன்பது.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கிடங்கில் அவன் வேனில் ஏற்றியது பதினொரு கவர். வேறு எதுவும் இல்லை. ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஓட்டுநரின் பெயர், 'உரியவர் கையில் மட்டும்' என்ற சிவப்பு முத்திரை. உள்ளே என்ன என்று பிரிக்காமலே தெரியும். மாமியார் வழக்கம்போல எல்லாவற்றுக்கும் ஒரே விலாசம் காட்டியது. ஏழரைக்கு அங்கே வந்து வாங்கிக்கொள்ளும்படி பதினொரு பேருக்கும் செய்தியும் போயிருந்தது.

வீட்டு வாசலில் வரிசையாக நின்றிருந்தார்கள். மைத்துனன் யாருக்கும் டோக்கன் கொடுக்கவில்லை. மணியைக்கூட எடுத்து உள்ளே வைத்துவிட்டான். முன்னால் நின்ற கண்ணாடியக்கா, நெட்டையின் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினாள்.

"எங்க கையெழுத்துப் போடணும் தம்பி?"

நெட்டை கவரைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. உரியவர் கையெழுத்திட்டுப் பெற்றுக்கொண்ட நாளிலிருந்து இது செல்லும். இரண்டு தடவை படித்தான். கையெழுத்துப் போட்டால்தான் வேலை போகும். போடாதவரைக்கும் போகாது.

"அக்கா, நீங்க வீட்டுல இல்ல," என்றான்.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு அவனைப் பார்த்தாள். அவன் அந்த வரியைக் காட்டினான். அவள் வாசித்துவிட்டுப் பின்னால் இருந்தவரிடம் கொடுத்தாள். கவர் வரிசையின் கடைசிவரை போய்த் திரும்பி வந்தது.

பூட்டிய கதவைப் படம் எடுக்க வேண்டுமே. நெட்டை தன் வீட்டுக் கதவைச் சாத்தி, தெருவில் நின்று படம் எடுத்தான். 'படத்தில் ஒரு நபர் தெரிகிறார்' என்றது மாமியார். ஜன்னலில் மைத்துனனின் மாவுக்கட்டு. திரையை இழுத்தார்கள். மறுபடி எடுத்தால் படியோரம் யாருடைய முட்டியோ தெரிந்தது. நடுத்தர வயதைத் தாண்டிய பதினொரு பேர், ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டிக்குப் பின்னால் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தார்கள். ஒருவருக்குத் தும்மல் வந்தது. அடக்கினார். நெட்டை பதினொரு தடவை படம் எடுத்தான், பதினொரு தடவை 'உரியவர் வீட்டில் இல்லை' என்று அழுத்தினான். தொண்ணூற்றொன்பது எண்பத்தெட்டானது.

அன்று மூன்றரை மணிக்கு அவன் பள்ளிக்கூட வாசலில் நின்றான். மகள் வரிசையிலிருந்தே பார்த்துவிட்டாள். ஓடி வரவில்லை. பக்கத்தில் இருந்த பிள்ளையிடம் அவனைச் சுட்டிக் காட்டி ஏதோ பெருமையாகச் சொல்லிவிட்டு, ரொம்ப நிதானமாக நடந்து வந்தாள். இனிமேல் தினமும் அப்பாதான் வருவார் என்று வகுப்பில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டதாம். காவல்காரருக்கும் சொல்லியாகிவிட்டதாம். வீடு வரைக்கும் அவன் கையை விடவே இல்லை. நெட்டைக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு பயமாகவும் இருந்தது.

மாமியார் மூன்று முறை முயற்சி செய்யும். மறுநாள் காலையும் பதினொரு கவர், அதே வாசல். இந்த முறை வந்தவர்கள் கணக்கோடு வந்திருந்தார்கள். எண்பதுக்குக் கீழே இறங்கினால் நிரந்தரமும் போகும், வேலையும் போகும். எண்பத்தெட்டில் இன்னும் எட்டுப் பேர் வீட்டில் இல்லாமல் இருக்கலாம். மூன்று பேர் இருந்தாக வேண்டும். அந்த மூன்று பேர் யார் என்பதையும் அவர்களே பேசி முடித்துவிட்டார்கள். அடுத்த மாதம் எப்படியும் விலகப் போகிற ஒருவர், அண்ணன் கடையில் இடம் கிடைக்கும் என்கிற ஒருவர், மூன்றாவது கண்ணாடியக்கா.

"அக்கா, உங்களுக்கு எந்தக் கடை இருக்கு?" என்றான் நெட்டை.

"எனக்கு என்னடா, ஒண்டிக்கட்டை. நீ புள்ளைக்காரன். குடு இப்படி."

எட்டுப் பேர் பெட்டிக்குப் பின்னால் போனார்கள். எட்டுப் படம். மார்க் எண்பது. ஒன்பதாவது கவர் கண்ணாடியக்காவுடையது. அவள் விரலை நீட்டிக்கொண்டு நின்றாள். நெட்டை போனை அவள் விரலுக்கு எட்டாமல் தன் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தான். முதல்நாள் மதியம் கையைப் பிடித்துக்கொண்டு வந்த பிஞ்சு விரல்கள் நினைவுக்கு வந்தன. எத்தனை நாள் ஏங்கின விரல்கள். மூன்றரை மணிக்கு விலையாக இந்த மனுஷியைக் கொடுத்துவிடலாம், யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள், அவளே சொல்ல மாட்டாள். அதை நினைத்தபோதுதான் அவனுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

"போய் உட்காருங்கக்கா. நீங்க இல்ல."

அவள் போகவில்லை. திட்டினாள். பைத்தியமா பிடித்திருக்கிறது என்று கேட்டாள். மற்ற இருவர் அவளை ஆளுக்கொரு கையாகப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்கார்த்தி, கூடவே தாங்களும் உட்கார்ந்துகொண்டார்கள். நெட்டை கதவைப் படம் எடுத்தான். எழுபத்தொன்பது. பிறகு மிச்சம் இரண்டையும் ஏன் விடுவானேன் என்று அழுத்திவிட்டான். எழுபத்தேழு.

அன்றும் மூன்றரைக்குப் போனான். ஆறு மணிக்குச் செய்தி வந்தது, நிரந்தரம் ரத்து. மூன்றாம் நாள் காலை கிடங்கில் பன்னிரண்டு கவர் இருந்தது. பன்னிரண்டாவதில் அவன் பெயர், கீழே 'ஒரே முயற்சி' என்று முத்திரை. மற்றப் பதினொன்றுக்கும் பழையபடி கதவைப் படம் எடுத்து முடித்தான். தன் வீட்டு வாசலில் நின்று, தன்னைத் தேடி, தன் கதவைத் தட்டி, தான் வீட்டில் இல்லை என்று தன் கையாலேயே அழுத்தினான். அதற்குப் படம் எடுப்பது சுலபமாக இருந்தது. எடுக்கிறவன் படத்தில் விழ மாட்டான் அல்லவா.

எல்லா முயற்சியும் முடிந்துவிட்டது. இனி என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை, பதினொரு பேரும் வாசலைவிட்டுப் போகவில்லை. பகல் முழுக்க மாமியார் வாயைத் திறக்கவில்லை. மாலை ஆறு மணிக்குப் பன்னிரண்டு போனும் ஒன்றாக அடித்தன. மைத்துனன்தான் உரக்க வாசித்தான். 'பன்னிரண்டு பேரைக் காணவில்லை. அவர்கள் வழக்கமாக இருக்கும் இடம் ஆராயப்பட்டது. வழக்கமாக இருக்கும் இடம்: வேன். நாளை முதல் பன்னிரண்டு வேன்களிலும் சாலையில் தேடப்படுவார்கள்.' ஒருவரைச் சாலையில் வேனில் வைத்துத் தேட வேண்டுமென்றால் வேன் சாலையில் இருக்க வேண்டும். வேனை யாராவது ஓட்ட வேண்டும். சும்மா ஓட்டினால் பெட்ரோல் நஷ்டம் என்று ஒவ்வொன்றிலும் நாற்பது பார்சலை ஏற்றி, நாற்பது வீட்டுக்கும் தனித்தனியாக வழியும் போட்டிருந்தது. நாற்பத்தோராவதாக ஒரு கவர், ஓட்டுநர் கையில் மட்டும். அதை ஓட்டுநரே தேடிக் கொடுக்க வேண்டும்.

வாசலில் ஒரே கும்மாளம். அண்ணன் கடைக்காரர் மைத்துனனின் மாவுக்கட்டுக்கு முத்தம் கொடுத்தார். கண்ணாடியக்கா சிரித்துச் சிரித்து இருமினாள். அவளுக்கு நாளை ஆறு முதல் இரண்டு. தான் நாளைக்குத் தன்னை எங்கெங்கே தேடப் போகிறாள் என்று ஒவ்வொரு தெருவாகச் சொல்லிக்கொண்டு போனாள். தினம் சாயங்காலம் அகப்படவில்லை என்று அழுத்திவிட்டால் தீர்ந்தது, அதற்கு மார்க்கும் போகாது, மூன்று முறை என்ற கணக்கும் கிடையாது. இப்படியே எத்தனை வருடம் வேண்டுமானாலும் தேடிக்கொண்டிருக்கலாம் என்றார்கள்.

நெட்டையும் சிரித்தான். தன் போனில் என்ன வந்திருக்கிறது என்று பிறகுதான் பார்த்தான். 'நாளை 11 முதல் 9.'

உள்ளே போனான். மகள் மெத்தைகளின் மேல் கவிழ்ந்து படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, நாளைக்கு அப்பா பள்ளிக்கூடத்துக்கு வர முடியாது என்று சொன்னான்.

"நாளன்னைக்கு?"

"தெரியலம்மா. ஆறு மணிக்குத்தான் சொல்லுவாங்க."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தான். ஏன் என்று கேட்பாள், பதில் சொல்லலாம் என்று உள்ளே வரும்போதே யோசித்து வைத்திருந்தான். அவளோ எழுதி முடித்தாள். புத்தகங்களைப் பையில் அடுக்கினாள். பிறகு எழுந்து போய், அலமாரியிலிருந்து படம் வரைகிற நோட்டை எடுத்து வந்து, காவல்காரர் அறையில் உட்கார்ந்து வரைவதற்காக, அதையும் பைக்குள் வைத்துக்கொண்டாள். நெட்டைக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை, அழுதான். வெளியே அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கலர் பென்சில் டப்பாவைத் தேடிப் பிடித்து, சீவி, அவள் பையில் வைத்தான்.